ஹீலியம் ஏன் எதனோடும் சேர்வதில்லை, செனான் ஏன் சேர்கிறது?

கேள்வி இது: "வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்திருப்பதால் மந்த வாயுக்கள் வினைபுரியா என்று பள்ளியில் படித்தோம். ஹீலியத்தில் இருப்பதோ இரண்டே இரண்டு. செனானில் எட்டு இருந்தும் அது ஃபுளூரினோடு சேர்கிறது. அப்படியென்றால் அந்த விதிக்கு என்ன மதிப்பு? ஆர்கானுக்குப் பதில் நைட்ரஜனைப் பயன்படுத்தலாமா? மந்த வாயு என்றால் ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் என்ற எண்ம விதி, மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள உதவும் ஒரு குறுக்குவழி. அணுவுக்கு எண்ணத் தெரியாது. ஓர் எலக்ட்ரானை எடுக்கவோ, சேர்க்கவோ, மேல்மட்டத்துக்கு ஏற்றவோ எவ்வளவு ஆற்றல் செலவாகிறது, பிணைப்பு உண்டானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்ற வரவு செலவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இதை ஹீலியத்தையும் பெரிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கலாம். ஹீலியத்தின் வெளியில் 1எஸ் ஆர்பிட்டாலில், அதாவது எலக்ட்ரான் உலவும் பகுதியில், இரண்டு எலக்ட்ரான்கள். பெரிலியத்தின் வெளியில் 2எஸ் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள். இரண்டிலும் அந்த ஆர்பிட்டால் நிரம்பியே இருக்கிறது. ஆனால் பெரிலியத்தில் அதற்குச் சற்று மேலே, 2.7 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) தொலைவில், 2பி காலியாகக் கிடக்கிறது. ஜோடியில் ஒன்றை அங்கே ஏற்றிவிட்டால் தனித்த எலக்ட்ரான்கள் இரண்டு கிடைக்கும். இரண்டு பிணைப்புகள் உண்டாகும். செலவழித்ததற்கு மேல் வரவு வந்துவிடும். ஹீலியத்தில் 1பி என்று ஒன்று கிடையவே கிடையாது. அடுத்த படி 2எஸ். அதற்கு ஏற 19.8 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். எந்த வேதிப்பிணைப்பும் அவ்வளவைத் திருப்பித் தராது.

எலக்ட்ரானைப் பிடுங்கிவிடலாம் என்றால் அதுவும் கடினம். ஹீலியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 2372 கிலோஜூல். தனிம வரிசை அட்டவணையிலேயே இதுதான் உச்சம். நியானுக்கு 2081, ஆர்கானுக்கு 1521, கிரிப்டானுக்கு 1351, செனானுக்கு 1170, ரேடானுக்கு 1037. கீழே போகப் போக வெளி எலக்ட்ரான்கள் உட்கருவிலிருந்து விலகுகின்றன, உள்கூடுகள் குறுக்கே நின்று மறைக்கின்றன, பிடி தளர்கிறது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழ வேண்டும். ஃபுளூரினின் அயனியாக்கும் ஆற்றல் 1681. ஆர்கானைவிட அதிகம். ஆனால் ஃபுளூரினைப்போல் மூர்க்கமாக வினைபுரிவது வேறெதுவும் இல்லை. ஹைட்ரஜனுக்கு 1312, செனானைவிட அதிகம். ஆகவே எலக்ட்ரானை விடாமல் பிடித்திருப்பது மட்டுமே மந்தத்தன்மை ஆகிவிடாது. ஃபுளூரினில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. வரும் எலக்ட்ரானை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. ஹைட்ரஜனில் ஜோடி சேராத ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. அதைப் பகிர எதையும் முன்பணமாகக் கட்ட வேண்டாம். மந்த வாயுக்களிடம் காலி இடமும் இல்லை, தனி எலக்ட்ரானும் இல்லை. வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கொண்டு வந்து கொடுத்தாலும் அடுத்த கூட்டில்தான் அதை வைக்க வேண்டும். அங்கே அது தங்காது. கொடுப்பது, வாங்குவது, பகிர்வது ஆகிய மூன்றுமே நட்டக் கணக்காக முடிகிற தனிமங்கள் இவை.

சரி, இரண்டு ஹீலியம் அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கினால்? மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைப்படி இரண்டு எலக்ட்ரான்கள் பிணைப்பு ஆர்பிட்டாலிலும், இரண்டு எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலிலும் போய் உட்காரும். பிணைப்புத் தரம் பூஜ்யம். உண்மையில் பூஜ்யத்தைவிட மோசம். பிணைப்பு ஆர்பிட்டால் கீழிறங்கும் அளவைவிட எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால் மேலேறும் அளவு அதிகம். மிஞ்சுவது, எலக்ட்ரான் முகில்கள் சற்றே நெளிவதால் எழும் மிக நலிவான வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு மட்டும். ஹீலியத்தின் எலக்ட்ரான் முகில் சிறியது, இறுகியது, எளிதில் நெளியாது. அதனால்தான் அதன் கொதிநிலை 4.2 கெல்வின். சாதாரண வளி அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறையாது. திண்மமாக்க 25 வளி அழுத்தம் அளவுக்கு அழுத்த வேண்டும். முகில் பெரிதாகப் பெரிதாக இந்த ஈர்ப்பு வளர்கிறது: நியான் 27 கெல்வினிலும், ஆர்கான் 87இலும், கிரிப்டான் 120இலும், செனான் 165இலும் கொதிக்கின்றன.

செனானில் கதை மாறுவது 1962இல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு என்ற கடுமையான ஆக்சிஜனேற்றி, ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி உப்பாக்கிவிடுவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் 1165 கிலோஜூல். அட்டவணையைப் பார்த்தால் செனானுக்கு 1170. ஆக்சிஜனிடம் பிடுங்க முடிந்தால் செனானிடம் ஏன் முடியாது? மார்ச் 23 அன்று இரண்டு வாயுக்களையும் கலக்கவிட்டார். அறை வெப்பநிலையிலேயே, சில நொடிகளில், ஆரஞ்சும் மஞ்சளுமாகத் திண்மம் படிந்தது. அது அவர் எழுதிய அளவுக்கு எளிய உப்பு அல்ல, பல உப்புகளின் கலவை என்று பின்னால் தெரிந்தது. அதனால் கண்டுபிடிப்பின் மதிப்பு குறையவில்லை. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1933இலேயே செனான் ஃபுளூரைடுகள் இருக்கக்கூடும் என்று சொல்லியிருந்தார். அதே ஆண்டு கால்டெக்கில் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) யோஸ்டும் கேயும் முயன்று தோற்றார்கள். அதற்குப் பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பெரும்பாலானோர் பக்கமே திரும்பவில்லை. என்னைக் கேட்டால், "நிறைந்த கூடு வினைபுரியாது" என்ற பாடப்புத்தக வாக்கியம் செய்த மிகப் பெரிய கெடுதல் அதுதான்.

ஆனால் செனான் எல்லாவற்றோடும் சேர்வதில்லை. ஏன் ஃபுளூரினோடு மட்டும் இவ்வளவு எளிதாகச் சேர்கிறது என்பதற்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மோல் ஃபுளூரின் மூலக்கூறுகளை உடைக்க 158 கிலோஜூல் போதும். குளோரினுக்கு 242, ஆக்சிஜனுக்கு 498. ஒரு செனான்–ஃபுளூரின் பிணைப்பு சுமார் 133 கிலோஜூல் தரும். டைஃபுளூரைடில் இரண்டு பிணைப்புகள்: வரவு 266, செலவு 158, மிச்சம் 108 கிலோஜூல். லாபம், ஆகவே சேர்மம் நிலைக்கிறது. கிரிப்டான்–ஃபுளூரின் பிணைப்பு வெறும் 49 கிலோஜூல். இரண்டுக்கு 98, செலவு அதே 158. அறுபது கிலோஜூல் நட்டம். அதனால் கிரிப்டான் டைஃபுளூரைடைத் தாழ்ந்த வெப்பநிலையில், மின்னிறக்கம் போன்ற வழிகளில் ஃபுளூரினை அணுக்களாக உடைத்துக் கொடுத்து, உருவானதை உடனே உறைய வைத்துத்தான் பிடிக்க முடியும். அறை வெப்பநிலையில் அது தானாகவே சிதைந்துபோகும். ஆக்சிஜனோடு செனானின் நிலையும் இப்படித்தான்: செனான் டிரைஆக்சைடு தன் தனிமங்களைவிட மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் மேலே நிற்கிறது. வெடிமருந்து என்றே அதை நினைத்துக் கையாள வேண்டும்.

செனான் ஃபுளூரைடுகளைத் தயாரிக்கும் முறையில் விகிதம்தான் எல்லாம். செனான் மிகுதியாக இருந்தால் டைஃபுளூரைடு. செனான் ஒன்றுக்கு ஃபுளூரின் ஐந்து, சுமார் 400 டிகிரி செல்சியஸ், சுமார் 6 வளி அழுத்தம் என்றால் டெட்ராஃபுளூரைடு. ஒன்றுக்கு இருபது, 300 டிகிரி, 50–60 வளி அழுத்தம் என்றால் ஹெக்ஸாஃபுளூரைடு. கலன் நிக்கலாக இருக்க வேண்டும். ஃபுளூரின் பட்டதும் நிக்கலின் மேல் மெல்லிய நிக்கல் ஃபுளூரைடு படலம் உண்டாகி, உலோகத்தை மேலும் அரிக்காமல் காக்கும். அதற்காகவே செனானை விடுவதற்கு முன் கலனில் ஃபுளூரினை மட்டும் நிரப்பி அந்தப் படலத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். டைஃபுளூரைடுக்கு இவ்வளவு தடபுடல்கூடத் தேவையில்லை. உலர்ந்த கண்ணாடிக் குடுவையில் இரண்டையும் நிரப்பி வெயிலில் வைத்தால் போதும், சுவரில் நிறமற்ற படிகங்கள் பூக்கும். ஃபுளூரினின் பிணைப்பு நலிவானது என்றேனே, அதை உடைக்க ஒளியே போதுமானதாக இருக்கிறது.

எங்கே தவறு நடக்கும்? ஈரத்தில். துளி நீராவி இருந்தாலும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு உண்டாகும், அது கண்ணாடியை அரிக்கும், அந்த வினையில் மீண்டும் நீர் உண்டாகும், சுழற்சி தொடரும். டைஃபுளூரைடு நீரில் சிதைந்தால் செனானும் ஆக்சிஜனும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் வரும், அவ்வளவோடு போகும். டெட்ராஃபுளூரைடிலும் ஹெக்ஸாஃபுளூரைடிலும் நீர் பட்டால் மேலே சொன்ன டிரைஆக்சைடு மிஞ்சும். காய்ந்தபின் வெள்ளைப் பொடியாகச் சாதுவாகத் தெரியும் அது, உரசினாலே வெடிக்கும். ஹெக்ஸாஃபுளூரைடு கண்ணாடியிலுள்ள சிலிக்காவையே தாக்குவதால் அதைக் கண்ணாடியில் சேமிக்கவே கூடாது.

"மந்த வாயுச் சேர்மம்" ஆய்வகத்து வேடிக்கை என்று யாராவது சொன்னால் சில்லு ஆலைகளைக் காட்டலாம். செனான் டைஃபுளூரைடு ஆவி, அறை வெப்பநிலையிலேயே, பிளாஸ்மா எதுவும் இல்லாமல், சிலிக்கானை அரித்துச் சிலிக்கான் டெட்ராஃபுளூரைடு வாயுவாக்கி எடுத்துச் சென்றுவிடும். செனான் மீண்டும் தனி வாயுவாக வெளியேறும். சிலிக்கான் டைஆக்சைடையும் அலுமினியத்தையும் அது தொடாது. மெம்ஸ் எனப்படும் நுண் எந்திரங்களில் மெல்லிய பாலங்களையும் தகடுகளையும் அடியிலிருந்து விடுவிக்க இது மிக வசதி. திரவத்தில் அரித்தால் காயும்போது பரப்பு இழுவிசையால் அந்தப் பாலங்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும். இங்கே திரவமே இல்லை. சில்லின் மேல் ஈரம் ஒட்டியிருந்தால் மட்டும், தொடக்கூடாத ஆக்சைடையும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு தின்னத் தொடங்கும். ஆகவே முதலில் வெற்றிடத்தில் நன்றாக உலர்த்திக்கொள்வது கட்டாயம்.

ஆர்கான்? ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு, 7.5 கெல்வினில் உறைந்த ஆர்கானுக்குள் ஹைட்ரஜன் ஃபுளூரைடை ஒளியால் உடைத்து, ஹைட்ரஜனும் ஆர்கானும் ஃபுளூரினும் வரிசையாகப் பிணைந்த மூலக்கூறை உண்டாக்கினார்கள். சற்றுச் சூடேறினாலும் அது இல்லாமல் போய்விடும். நியானுக்கு நடுநிலையான மூலக்கூறு இதுவரை இல்லை; நியானே ஹீலியத்தைவிட மந்தமானது என்று கணக்கிட்டுச் சொல்பவர்களும் உண்டு. ரேடான் செனானைவிட எளிதாகச் சேர வேண்டியது, சேரவும் செய்கிறது. ஆனால் அதன் அரைவாழ்வு 3.8 நாள் என்பதால் அதன் வேதியியல் பெரிதாக வளரவில்லை.

ஹீலியத்துக்கு வந்தால், ஒரு புரோட்டானை அதன் அருகே விட்டால் அது ஒட்டிக்கொள்ளும். இந்த ஹீலியம் ஹைட்ரைடு அயனியை 1925இலேயே ஆய்வகத்தில் கண்டுவிட்டார்கள். பேரண்டத்தில் முதலில் உண்டான மூலக்கூறு இதுவே என்பது கணிப்பு. 2019இல் ஒரு கோள்வடிவ நெபுலாவில் அதன் தடம் கிடைத்தது. நடுநிலையான எதிலிருந்தும் ஓர் எலக்ட்ரான் ஜோடி கிடைத்தால் போதும், புரோட்டான் உடனே அங்கே தாவிவிடும். ஆகவே இதைப் புட்டியில் அடைக்க முடியாது. 2017இல் இரண்டு சோடியத்துக்கு ஒரு ஹீலியம் என்ற படிகம் 113 கிகாபாஸ்கல், அதாவது சுமார் 11 லட்சம் வளி அழுத்தத்துக்கு மேல் நிலைப்பதாகக் காட்டினார்கள். செய்திகளில் "ஹீலியம் பிணைந்தது" என்று வந்தது. பிணையவில்லை. அழுத்தத்தில் சோடியத்தின் எலக்ட்ரான்கள் படிக இடைவெளிகளில் போய் ஒடுங்குகின்றன. ஹீலியம் நடுவில் அமர்ந்து அந்த அடுக்கை நிலைப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

அடைபட்டிருப்பது வேறு, பிணைந்திருப்பது வேறு என்ற இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் பல செய்திகள் குழப்பும். பிரிட்டிஷ் வேதியியலாளர் ராம்சே 1895இல் கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் இட்டபோது ஹீலியம் வெளிவந்தது. அது கனிமத்தோடு வேதிமுறையில் சேர்ந்திருக்கவில்லை. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளியேறும் ஆல்பா துகள், இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று ஹீலியம் அணுவாகிப் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் மோனசைட்டும் தோரியம் கொண்ட கனிமம்தான். மோனசைட்டைச் சூடாக்கினால் சிறைப்பட்ட ஹீலியம் வெளியேறும்.

அணுவைக் கிளர்வுறச் செய்தால் கணக்கு தலைகீழாகும். செனானுக்கு 8.3 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்து ஓர் எலக்ட்ரானை அடுத்த கூட்டுக்கு ஏற்றிவிட்டால், அதைப் பிடுங்க மிச்சம் 3.8 மட்டும் போதும். சீசியத்துக்கு வேண்டியது 3.9. அதாவது கிளர்வுற்ற செனான் ஒரு கார உலோகம்போல நடந்துகொள்ளும். ஹாலஜனைக் கண்டால் பாய்ந்து பிணையும். கிளர்வு தணிந்ததும் ஒளியை உமிழ்ந்து பிரிந்துவிடும். எக்சைமர் லேசர்கள் இப்படித்தான் இயங்குகின்றன: கிரிப்டான் ஃபுளூரைடு 248 நானோமீட்டர், ஆர்கான் ஃபுளூரைடு 193 நானோமீட்டர். கண்ணாடி போடாமல் இருக்கக் கருவிழியைச் செதுக்கும் லேசர் அந்த 193தான்; சில்லுகளில் நுண்கோடு வரையவும் அதுவே.

இனி நைட்ரஜன் விஷயம். நைட்ரஜனின் மந்தத்தன்மை வேறு வகை. அதன் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல் வேண்டும். அதனால் சோம்பலாக இருக்கிறது. உடைக்க ஆள் கிடைத்தால் வினைபுரியும். லித்தியம் அறை வெப்பநிலையிலேயே நைட்ரைடாகிக் கறுக்கும். மக்னீசியம் நைட்ரஜனுக்குள் எரியும். சூடான டைட்டானியம் அதை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். உணவுப் பொட்டலம், எண்ணெய்த் தொட்டி, பெரும்பாலான கரிமவேதியியல் வேலைகள் ஆகியவற்றுக்கு நைட்ரஜன் தாராளமாகப் போதும். காற்று புகாமல் மூடி, பதித்த கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் கையுறைப் பெட்டியில் லித்தியம் உலோகம் வைப்பதானால் அதற்கும், டைட்டானிய வெல்டிங்குக்கும் ஆர்கான்தான். கையுறைப் பெட்டியில் ஆக்சிஜன், ஈரம் இரண்டும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே நிற்க வேண்டும். 99.999 சதவீத ஆர்கானிலேயே மாசு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வரை இருக்கலாம் என்பதால், செப்பு வினையூக்கியும் மூலக்கூறு சல்லடையும் வழியாக வாயுவைச் சுழலவிடுகிறார்கள். பெட்டியில் பிரச்சினை வந்தால் பலரும் ஆர்கானைக் குறை சொல்வார்கள். முதலில் கையுறையில் ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

டங்ஸ்டன் மின்முனையால் பற்றவைக்கும் டிக் வெல்டிங்கில் நிமிடத்துக்கு 8–12 லிட்டர் ஆர்கான் வழக்கமான அளவு. 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 7 கன மீட்டர் வாயு இருக்கும். 10 லிட்டர் வீதம் சுமார் பதினொன்றரை மணி நேரம் வரும். பற்றில், அதாவது வெல்டிங் இணைப்பில், நுண்துளை விழுந்தால் வாயுவைக் கூட்டுவது பலரின் முதல் எண்ணம். அளவு மீறினால் நாசிலிலிருந்து வரும் ஓட்டம் கலங்கி, பக்கத்துக் காற்றை உள்ளே இழுத்துவிடும். துளை இன்னும் கூடும். மின்விசிறிக் காற்று, நசுங்கிய ஓ-ரிங், குழாய் இணைப்பில் கசிவு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். டைட்டானியத்தில் வில் நகர்ந்தபின்னும் பற்று சுமார் 400 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை ஆர்கான் போர்வை வேண்டும். வெள்ளிபோல் பளபளத்தால் சரி, நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் உள்பக்கத்துக்கு ஆர்கான் நிரப்பும்போது, அது காற்றைப்போல் 1.38 மடங்கு கனமானது என்பதால் கீழிருந்து விட்டு மேலே வெளியேற்றுங்கள்.

அந்தக் கனம்தான் ஆபத்தும். குழி, தொட்டி, பெரிய குழாய் ஆகியவற்றுக்குள் ஆர்கான் தேங்கும். நிறமில்லை, மணமில்லை. நம் உடல் மூச்சுத்திணறலை உணர்வது கார்பன் டைஆக்சைடு கூடுவதை வைத்து. ஆக்சிஜன் குறைவதை வைத்து அல்ல. மந்த வாயுவைச் சுவாசிக்கும்போது கார்பன் டைஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே எச்சரிக்கையே வராமல், சில மூச்சுகளில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஹீலியம் சிலிண்டரிலிருந்து நேராக உறிஞ்சிக் குரல் மாற்றும் விளையாட்டில் இதோடு நுரையீரல் கிழியும் அபாயமும் சேர்கிறது. எம்ஆர்ஐ காந்தத்தில் ஒரு லிட்டர் திரவ ஹீலியம் ஆவியானால் சுமார் 750 லிட்டர் வாயு. அதற்காகத்தான் கட்டடத்துக்கு வெளியே போகும் தனிக்குழாய்.

வினைபுரியாததும் உடலில் வேலை செய்யும். செனான் ஒரு நல்ல மயக்க மருந்து. 1951இலேயே மனிதர்களுக்கு அறுவைச் சிகிச்சையில் கொடுத்திருக்கிறார்கள். பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. அதன் பெரிய, நெளியும் எலக்ட்ரான் முகில் நரம்பு செல் புரதங்களின் பொந்துகளில் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பால் போய் அமர்கிறது, போதும். ஹீலியத்தின் முகிலுக்கு அந்தப் பிடி இல்லாததால் அது மயக்காது; அதனால்தான் ஆழ்கடலில் மூழ்குபவர்கள் நைட்ரஜனுக்குப் பதிலாக அதைச் சுவாசிக்கிறார்கள்.

கருவிகளும் தப்புவதில்லை. 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ நிறுவும்போது கசிந்த ஹீலியம், சுமார் 40 ஐபோன்களையும் கைக்கடிகாரங்களையும் செயலிழக்கச் செய்தது. மற்ற நிறுவனப் போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், போனின் கடிகாரத் துடிப்பைத் தரும், வெற்றிடத்தில் அடைத்த மெம்ஸ் அலையாக்கி. ஹீலியம் அதன் உறைக்குள் ஊடுருவி வெற்றிடத்தைக் கெடுத்ததால் அதிர்வெண் விலகிப் போன் நின்றுவிட்டது. சில நாளில் ஹீலியம் வெளியேற, பெரும்பாலானவை உயிர்பெற்றன. கண்ணாடி வெற்றிடக்குழாய்களைக்கூட அது மெல்லத் துளைக்கும்.

எனவே மந்த வாயு திறக்கும் எந்த அறையிலும் ஆக்சிஜன் மானி வேண்டும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்குமாறு வையுங்கள். ஆர்கானாக இருந்தால் மானி தரையோடு ஒட்டி, ஹீலியமாக இருந்தால் கூரைக்குக் கீழே, இரண்டிலும் மூச்சு விடும் உயரத்தில் இன்னொன்று.